சமன்பாட்டில் முடிவிலி வந்தால் கோட்பாடு படுத்துவிட்டதா?

#1 தேன்சிட்டு

தமிழ் அறிவியல் கட்டுரைகளில் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "கருந்துளையின் நடுவில் அடர்த்தி முடிவிலி." "அண்டம் முடிவற்றது." "1+2+3+… கூட்டினால் −1/12, இயற்பியலில் இது பயன்படுகிறது." மூன்றிலும் பேசப்படுவது ஒரே ஆளா, ஒரே பெயரில் மூன்று ஆட்களா?

இன்னொரு பக்கம், முடிவிலி வந்த இடத்தில் கோட்பாடு செத்துவிட்டது என்றும் எழுதுகிறார்கள். அப்படியானால் வரிக்கு வரி முடிவிலி வரும் குவாண்டம் மின்னியக்கவியல் (ஒளியும் எலக்ட்ரானும் ஊடாடுவதைச் சொல்லும் கோட்பாடு) பத்து இலக்கத் துல்லியம் தருவது எப்படி? தத்துவம் வேண்டாம், எண்ணோடு சொல்லுங்கள்.

#2 பூச்சியம்

ஆட்கள் வேறு வேறுதான். பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. முடிவிலி இருக்கும் இடத்தில் ஒரு பெரிய எண்ணைப் போட்டு, அதை இன்னும் இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். விடை ஓரிடத்தில் நின்றுவிட்டால் முடிவிலி வந்தது கணக்கு வசதிக்காக. விடையும் கூடவே ஏறினால் கோட்பாட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எந்த வழியாகப் பெரிதாக்கினோம் என்பதற்கேற்ப விடை மாறினால், கேள்வியையே நாம் முழுசாகக் கேட்கவில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் தொடாமலே விடுவது இந்தக் கடைசி வகையை.

இரண்டாம் வகைக்குப் பாடப்புத்தக உதாரணம், சூடான பொருள் விடும் கதிர்வீச்சுக்கான பழைய ரேலி-ஜீன்ஸ் விதி. அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் வரம்பில்லாமல் கூடும் என்றது. அறை வெப்பத்தில், 300 கெல்வினில், சும்மா கிடக்கும் ஒரு செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 500 நானோமீட்டர் பச்சை ஒளியில் அது விடும் கதிர்வீச்சுக்கு ரேலி-ஜீன்ஸ் சொல்லும் அளவு, பிளாங்க் விதி சொல்வதைவிடச் சுமார் 5×10³⁹ மடங்கு. அதாவது முடிவிலிக்குப் போய்ச்சேரும் முன்பே, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே தவறு அம்பலம். 1900-இல் பிளாங்க் சேர்த்த புதிய மாறிலிதான் விட்டுப்போன பொருள். முடிவிலியை யாரும் 'நீக்க'வில்லை. இல்லாத ஒன்று உள்ளே வந்ததும் அது தானாக ஓடிப்போயிற்று.

#3 அரைக்கால்

முதல் வகையையும் மூன்றாம் வகையையும் திண்மப் பொருளிலிருந்து காட்டுகிறேன். அண்டத்துக்கு அப்புறம் போகலாம்.

முதல் வகை: நிலைமாற்றம். இரும்பு காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலையில் அந்தக் காந்தத்தன்மையின் வளைகோடு சட்டென்று முறிகிறது. ஆனால் எண்ணிக்கை முடிவுள்ள அணுக்களுக்கு எழுதும் கூட்டல் எப்போதும் வழவழப்பான சார்பைத்தான் தரும். முறிவு வர வழியே இல்லை. 1937-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் டெர் வால்ஸ் நூற்றாண்டு மாநாட்டில் இதே சந்தேகத்துக்காக விவாதம் நடந்து, வாக்கெடுப்பு வரை போனது. 1944-இல் ஆன்சாகர், மேல், கீழ் என்று இரண்டே திசை காட்டும் குட்டிக் காந்தங்களின் கட்டமான இருபரிமாண ஈசிங் மாதிரிக்குச் சரியான தீர்வு கொடுத்தார். முறிவு வருகிறது, ஆனால் அணுக்களின் எண்ணிக்கை முடிவிலிக்குப் போனால் மட்டும்.

அப்படியானால் கையில் இருக்கும் இரும்புத்துண்டில் நிலைமாற்றமே இல்லையா? கறாராகப் பார்த்தால் இல்லை. முறிவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வளைவு இருக்கும். 10²³ அணுக்கள் உள்ள துண்டில் அந்த வளைவின் அகலம், வெப்பநிலையில் கோடியில் ஒரு பங்கின் இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும், அதாவது 10⁻¹². எந்த வெப்பமானிக்கும் அது எட்டாது. இங்கே முடிவிலி என்பதற்கு "உன் கருவிக்குத் தெரியாத அளவுக்குப் பெரியது" என்று பொருள், அவ்வளவே.

கணினியில் செய்பவர்களுக்கு இது சொகுசான கதை இல்லை. 32×32 கட்டத்தில் தன்வெப்ப உச்சி இருக்கும் இடத்தைப் பார்த்து மாறுநிலை வெப்பநிலை இதுதான் என்று எழுதினால் தவறு. உச்சி நகர்ந்திருக்கும். இருபரிமாண ஈசிங்கில் நகர்வு பக்க நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. 16, 32, 64 என்று மூன்று கட்டங்களுக்கு பைண்டர் விகிதத்தை (காந்தத்தன்மையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஓர் எண்) வரைந்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை எடுக்க வேண்டும். மாதிரியின் சொந்த அலகில் வெப்பநிலை 2.269-க்குப் பக்கத்தில், விகிதம் 0.61 அளவில் வெட்டினால் உங்கள் நிரல் நலமாக இருக்கிறது. வெட்டும் இடம் ஆடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காரணம், ஒவ்வோர் அணுவாகத் திருப்பிப் பார்க்கும் மெட்ரோபோலிஸ் முறையின் மந்தம். அந்த வெப்பநிலைக்கருகே காத்திருக்கும் நேரம் பக்க நீளத்தின் 2.17ஆம் அடுக்கில் ஏறும். அணுக்களைக் கொத்தாகத் திருப்பும் உல்ஃப் முறைக்கு மாறுங்கள்.

மூன்றாம் வகை: சமையல் உப்பு. ஒரு சோடியம் அயனியின் மேல் முடிவற்ற படிகம் முழுதும் செலுத்தும் மின்னாற்றலைக் கூட்ட வேண்டும். கிட்டத்தில் உள்ளவை முதலில், தூரத்தில் உள்ளவை பிறகு என்று கோளக் கூடுகளாகக் கூட்டிப் பாருங்கள் (அடுத்த அயனியின் தூரம் 1; குளோரைடுக்குக் கூட்டல், சோடியத்துக்குக் கழித்தல்):

6 குளோரைடு, தூரம் 1: மொத்தம் 6.000
12 சோடியம், தூரம் √2: −2.485
8 குளோரைடு, தூரம் √3: 2.134
6 சோடியம், தூரம் 2: −0.866
24 குளோரைடு, தூரம் √5: 9.867

இது எங்கும் நிற்காது. எத்தனை கூடு சேர்த்தாலும் ஊஞ்சல்தான். ஆனால் உப்பு என்னவோ 1.7476 என்ற எண்ணோடு டப்பாவில் அமைதியாக இருக்கிறது. 1932-இல் எவ்ஜென் செய்தது எளிய வேலை. கோளத்துக்குப் பதில் கனசதுரமாக வெட்டினார். முகத்தில் இருக்கும் அயனிக்கு அரை, விளிம்பில் கால், மூலையில் அரைக்கால் எடை (என் பெயர் அங்கிருந்து வந்ததில்லை, ஆனால் பொருந்துகிறது). முதல் கனசதுரத்திலேயே 1.456, இரண்டாவதில் 1.75. காரணம், ஒவ்வொரு கட்டத்திலும் வெட்டிய துண்டின் மொத்த மின்னூட்டம் சுழி. கோளத்தில் அது சுழியாக இல்லை, அந்த மிச்சம்தான் ஆட்டிவைத்தது.

இதில் ஒரு நுணுக்கம். இதே கூட்டலுக்கு 1921-இல் வந்த எவால்ட் முறையில்கூட, ஒவ்வொரு பெட்டிக்கும் இருமுனைத் திருப்புத்திறன் (பிளஸ், மைனஸ் மையங்கள் விலகியிருப்பது) இருந்தால் விடை படிகத்தின் வெளிவடிவத்தைப் பொறுத்து மாறும். நீர் மூலக்கூறு உருவகத்தில் 'சுற்றிலும் கடத்தியா, வெற்றிடமா' என்று நிரல் கேட்பது இதற்காக. படிகம் முடிவற்றதாக இருந்தாலும் அதன் தோல் எந்த வடிவம் என்று அதற்கு நினைவிருக்கிறது.

#4 தேன்சிட்டு

உப்புக்குப் பிளஸ், மைனஸ் இருக்கிறது, அடித்துக்கொண்டு போகும். ஈர்ப்புக்கு ஒரே குறி. முடிவற்ற அண்டத்தில் ஒரு நட்சத்திரத்தின் மேல் ஈர்ப்பு என்ன?

#5 பூச்சியம்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ரிச்சர்ட் பென்ட்லி 1692-93-இல் நியூட்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டது இதைத்தான். இடப்பக்கம் முடிவிலி இழுப்பு, வலப்பக்கம் முடிவிலி இழுப்பு, கழித்தால்? சமச்சீரால் சுழி என்று சொல்லத் தோன்றும். ஆனால் உங்களை மையமாக வைக்காமல், பத்து ஒளியாண்டு தள்ளி ஒரு புள்ளியை மையமாக வைத்துக் கோளக் கூடுகளாகக் கூட்டினால், உங்களுக்கு வெளியே உள்ள கூடுகள் எல்லாம் சுழி தரும், உள்ளே உள்ள பத்து ஒளியாண்டுக் கோளம் மட்டும் அந்த மையத்தை நோக்கி இழுக்கும். எந்தப் புள்ளியை மையமாக வைக்கிறீர்களோ அதை நோக்கி விழுவீர்கள்! அப்பட்டமான மூன்றாம் வகை. வானியலாளர் சீலிகர் 1895-இல் இதைக் காட்டி, நியூட்டன் விதியையே திருத்த வேண்டும் என்றார்.

1902-இல் ஜீன்ஸ், வாயு மேகம் எப்போது சுருங்கும் என்ற கணக்கில் பின்னணி அடர்த்தியின் ஈர்ப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டார். துறையில் இதற்கு இன்றும் பெயர் 'ஜீன்ஸ் மோசடி'. விடை மட்டும் சரி. ஏன் சரி என்பதற்கு விரிவடையும் அண்டம் தேவைப்பட்டது: பின்னணியின் ஈர்ப்பு எங்கும் போகவில்லை, அது விரிவைத் தளர்த்தும் வேலையைப் பார்க்கிறது. மிச்சமுள்ள ஏற்ற இறக்கம் மட்டும்தான் மேகத்தைச் சுருக்கும்.

அண்ட உருவக நிரல் எழுதினால் இந்த மோசடி ஒரே வரியில் கண்முன் நிற்கும். அடர்த்தியைக் கட்டத்தில் பரப்பி, ஃபூரியே மாற்றம் செய்து, அலையெண்ணின் வர்க்கத்தால் வகுத்து, திருப்பி மாற்றுகிறோம். அலையெண் சுழியான அந்த ஒரு கட்டத்தில் சுழியால் வகுத்தல். அங்கே புதியவர்கள் 10⁻¹⁰ என்று ஏதாவது சின்ன எண்ணைக் கூட்டி நழுவப் பார்ப்பார்கள். அப்போது மொத்தப் பெட்டிக்கும் ஒரு ராட்சத மாறிலி ஏறிவிடும். மாறிலி விசை தராது, உண்மை. ஆனால் 32 பிட் எண்ணில் ஏழு இலக்கம்தான் இடம். ராட்சதன் அதை நிரப்பிக்கொள்ள, பக்கத்துக் கட்டத்தோடு கழிக்கும்போது வரவேண்டிய வித்தியாசம் குப்பையாகிவிடும். அந்தக் கட்டத்தில் நேராகச் சுழியைப் போடுங்கள். சராசரி அடர்த்தியைக் கழித்ததற்கு அது சமம். சராசரியின் கணக்கு, அண்ட விரிவைச் சொல்லும் ஃபிரீட்மன் சமன்பாட்டில் தனியாக ஓடுகிறது.

தனியான ஒரு விண்மீன் மண்டலத்துக்கு இதே நிரலை ஓட்டினால் கெடும். பெட்டியின் பிம்பங்கள் எட்டுத் திக்கிலும் இருந்து இழுக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டித்து வெற்றிடம் சேர்க்க வேண்டும், நினைவகம் எட்டு மடங்கு.

#6 கோடங்கி

குவாண்டம் பக்கம் நான்.

எலக்ட்ரானைப் புள்ளியாகப் பாவித்தால் அதன் சொந்த மின்புலத்தின் ஆற்றல் முடிவிலி. பழைய கணக்கில் ஆரத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் இரட்டிப்பு. 10⁻¹⁵ மீட்டர் அளவிலேயே அது எலக்ட்ரானின் முழு நிறைக்குச் சமமாகிவிடும். குவாண்டம் கணக்கில் பாசிட்ரானும் உள்ளே வருவதால் இந்த ஏற்றம் மடக்கை அளவுக்குத் தணிகிறது. 1930-களில் வைஸ்கோஃப் காட்டியது. முடிவிலிதான், ஆனால் நத்தை வேகத்தில் போகும் முடிவிலி. எவ்வளவு நத்தை என்றால், வெட்டுவரம்பை, அதாவது கணக்கில் எடுக்கும் உச்ச ஆற்றலை, பிளாங்க் ஆற்றல் வரை, எலக்ட்ரான் நிறையைப்போல 10²² மடங்குக்கும் மேலே, தூக்கினாலும் நிறைத் திருத்தம் 18 விழுக்காடுதான். "முடிவிலியைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளுகிறார்கள்" என்பவர்கள் இந்த 18-ஐப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1947-இல் லாம்ப் அளந்த ஹைட்ரஜன் ஆற்றல்மட்ட விலகலுக்கு பெத்தே போட்ட கணக்கு இந்தக் கலைக்கு நல்ல பால பாடம். அணுவில் கட்டுண்ட எலக்ட்ரானின் ஆற்றல் முடிவிலி. சும்மா பறக்கும் எலக்ட்ரானுக்கும் முடிவிலி. ஆனால் இரண்டாவது, நாம் தராசில் அளக்கும் நிறையில் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆகவே கழித்தார். நேர்விகிதத்தில் ஏறிய பகுதி போய், மடக்கை மிஞ்சியது. அதை எலக்ட்ரானின் நிறையாற்றலில் வெட்டினார். மடக்கையின் மதிப்பு 7.6 அளவு, விலகல் 1040 மெகாஹெர்ட்ஸ். பின்னாளில் துல்லியமாக அளந்தது 1057-க்குச் சற்று மேல். வெட்டிய இடத்தை இரட்டித்திருந்தால்? மடக்கையில் 0.69 கூடும், விடை 9 விழுக்காடு மாறும். நேர்விகித ஏற்றமாக இருந்திருந்தால் விடையே இரட்டித்திருக்கும். எங்கே வெட்டினாலும் ஓரளவு சரியாக வரும் கணக்கைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்ல மாட்டேன்.

பிறகு டோமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன், டைசன் இதை ஒழுங்கான முறையாக்கினார்கள். வில்சனுக்குப் பிறகு பார்வையே மாறிவிட்டது. மின்னூட்டம், நிறை எல்லாம் எந்த நுணுக்கத்தில் பார்க்கிறோம் என்பதோடு மாறுபவை. மின்விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலி நம் அன்றாட அளவில் 1/137, 91 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் 1/128. இது அளந்த எண். 'முடிவிலிக் கழித்தல்' என்று பயமுறுத்திய இடத்தில் இருப்பது இந்த மெதுவான நகர்வு.

#7 நாழிகை

சரி, −1/12? ராமானுஜன் அன்றே சொன்னார், இன்று இயற்பியல் ஒப்புக்கொள்கிறது என்று காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றனவே.

#8 கோடங்கி

ராமானுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதும்போதே "என் கோட்பாட்டின்படி" என்ற அடைமொழியைப் போட்டுத்தான் எழுதினார். காணொளிக்காரர்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள். சாதாரணக் கூட்டலில் அந்தத் தொடர் விரிந்தே போகும், அதில் வாதமில்லை.

இயற்பியலில் அது வரும் விதம் இது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே 1, 2, 3… என்று அலைகள். உயர்ந்த அதிர்வெண்ணில் உலோகம் ஒளிபுகும் பொருளாகிவிடும், தகட்டை அந்த அலைகள் மதிக்காது. ஆகவே பெரிய எண்களுக்கு எடை படிப்படியாகக் குறைய வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் எக்ஸ்பொனென்ஷியலால் தணியுங்கள்: எண் ஒன்று கூடும்போது எடையின் மடக்கை 0.1 குறையட்டும். இப்போது கூட்டல் நிற்கும். மொத்தம் 99.91671. இதில் 100 என்பது தணிப்பு அளவின் வர்க்கத்துக்குத் தலைகீழ். மிச்சம் −0.08329. தணிப்பை 0.01 ஆக்குங்கள்: 9999.916667. மிச்சம் −0.083333. பெரிய பகுதி நூறு மடங்கு ஏறிற்று, வால் அசையவில்லை. அந்த வால்தான் −1/12.

பெரிய பகுதி தகடுகளுக்கு வெளியே உள்ள வெற்றிடத்துக்கும் அதே அளவில் இருப்பதால், விசைக் கணக்கில் அடிபட்டுப் போகும். வால் மட்டும் விசையாக வெளிப்படும். முப்பரிமாணத்தில் −1/12-க்குப் பதில் கனங்களின் தொடருக்குரிய 1/120 வேலை செய்கிறது. 1948-இல் காசிமிர் கணித்த அழுத்தம் ஒரு மைக்ரான் இடைவெளியில் 0.0013 பாஸ்கல், 100 நானோமீட்டரில் 13 பாஸ்கல். தூரத்தின் நான்காம் அடுக்கில் குறைவதால் தகடுகள் துளி சாய்ந்தாலும் அளவீடு பாழ். 1997-இல் லாமோரோ ஒரு தட்டையும் ஒரு கோளப்பரப்பு வில்லையும் வைத்து அளந்தது அந்தத் தலைவலிக்குப் பயந்துதான்.

#9 பூச்சியம்

கருந்துளைக்கு வருகிறேன். ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் ஷ்வார்ஷில்ட் தீர்வில் இரண்டு இடத்தில் முடிவிலி வரும். ஒன்று நிகழ்வு எல்லையில், அதாவது தாண்டினால் திரும்பி வர முடியாத எல்லையில். அது போலி, அச்சுக்களின் கோளாறு. வட துருவத்தில் தீர்க்கக்கோடுகள் ஒன்றுகூடுவதால் அங்கே பூமி கிழிந்துவிட்டதா என்ன? எடிங்டன் 1924-இல் வேறு அச்சுக்களில் எழுதியபோதே அது மறைந்தது, ஆனால் துறை முழுக்க உணர 1960 ஆயிற்று. வளைவை நேராகக் கணக்கிட்டால் எல்லையில் அது முடிவுள்ள எண். கருந்துளை பெரிதாக ஆக அந்த எண் சிறிதாகும்.

நடுவில் வருவது போலி இல்லை, வளைவே ஏறுகிறது. ஆனால் "அங்கே அடர்த்தி முடிவிலி" என்பது தளர்ந்த பேச்சு. பென்ரோஸ் 1965-இல் நிறுவியது அடர்த்தியைப் பற்றியதே இல்லை: உள்ளே போகும் பாதை முடிவுள்ள அளவில் அறுந்துபோகிறது என்பதே தேற்றம். பத்துச் சூரிய நிறைக் கருந்துளையில் எல்லையைத் தாண்டியவரின் கடிகாரம் அதிகபட்சம் 0.15 மில்லிவினாடி ஓடும். அதற்கப்புறம் கோட்பாட்டில் பக்கமே இல்லை. சிக்கல் முடிவிலியில் இல்லை, முடிவில்!

கோட்பாடு எங்கே கைவிடுகிறது என்பதையும் சொல்லலாம். அதே கருந்துளையில் வளைவு பிளாங்க் அளவைத் தொடுவது நடுவிலிருந்து சுமார் 3×10⁻²² மீட்டரில். பிளாங்க் நீளம் 1.6×10⁻³⁵. ஆக, நடுப்புள்ளிக்கு வெகு முன்பே பொதுச் சார்பியலை நம்பக்கூடாது.

வெண்குள்ளன் நட்சத்திரத்தின் உச்ச நிறையான சந்திரசேகர் எல்லையிலும் இதே பாடம். சமன்பாடு மட்டும் பார்த்தால் 1.44 சூரிய நிறையில் வெண்குள்ளனின் ஆரம் சுழி, அடர்த்தி முடிவிலி. நிஜத்தில் கார்பன் நட்சத்திரம் கன சென்டிமீட்டருக்கு 2×10⁹ கிராம் வாக்கிலேயே பற்றிக்கொண்டு வெடித்துவிடும். முடிவிலி வருகிற வழியில் வேறு இயற்பியல் குறுக்கே வந்து நிற்கிறது. அதனால் எல்லை பொய்யாகவில்லை, அதன் அருகே என்ன நடக்கும் என்பதுதான் மாறுகிறது.

#10 நாழிகை

அண்டம் முடிவற்றது என்பது அளந்து சொன்னதா?

#11 பூச்சியம்

இல்லை, அளக்கவும் முடியாது. பிளாங்க் செயற்கைக்கோள் 2018 முடிவும் விண்மீன் மண்டலத் தொகுப்பு அளவீடும் சேர்ந்து தரும் வெளியின் வளைவு (சுழி என்றால் தட்டை) 0.0007, பிழை ±0.0019. இரண்டு பிழை தூரம் மூடிய பக்கம் தள்ளினால் −0.0031. அந்த அண்டத்தின் வளைவு ஆரம் ஏறக்குறைய 26,000 கோடி ஒளியாண்டு, கன அளவு நாம் காணக்கூடிய பகுதியைப்போல 800 மடங்கு. பெரிசு, ஆனால் முடிவுள்ளது. கருவி நன்றாகி −0.002 ± 0.0002 என்று வந்தால் "முடிவுள்ளது" பக்கம் வலுவான சான்று. சுழியைச் சுற்றியே நின்றால்? அடர்த்தி ஏற்ற இறக்கமே 10⁻⁵ அளவில் இருப்பதால், அதற்குக் கீழே உள்ள வளைவை நம் பகுதியின் உள்ளூர்க் குழியிலிருந்து பிரிக்க முடியாது. முடிவற்றது என்பதைச் சொல்ல எந்த அளவீடும் இல்லை.

தட்டை என்றால் முடிவற்றது என்று எழுதுவதும் பிழை. பழைய கைபேசிப் பாம்பு விளையாட்டுப்போல ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வரும் தட்டை வெளி இருக்கலாம். அப்படியிருந்தால் பின்னணிக் கதிர்வீச்சில் ஒரே வட்டம் இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். 2004-இல் தேடினார்கள், 7,800 கோடி ஒளியாண்டுக்குக் குறைந்த அளவில் எதிரெதிர் வட்டம் இல்லை.

#12 நாழிகை

அப்போ கணக்கிட்ட வெற்றிட ஆற்றல் அளந்ததைவிட 10¹²⁰ மடங்கு கூடுதலாக வருகிறது என்பது இரண்டாம் வகைதானே?

#13 கோடங்கி

வகை சரி, எண் சந்தேகம். அது பிளாங்க் அளவில் வெடுக்கென்று வெட்டிய கணக்கு. அப்படி வெட்டினால் சார்பியல் சமச்சீர் உடைகிறது. வெற்றிடத்தின் அழுத்தம் ஆற்றல் அடர்த்திக்கு எதிர்க்குறியில் சமமாக இருக்க வேண்டும், இந்தக் கணக்கில் ஒளிவாயுபோல மூன்றில் ஒரு பங்கு நேர்க்குறியில் வரும். விடையின் குறியே தவறாக வரும் கணக்கின் அளவை எப்படி நம்புவது? சமச்சீரை உடைக்காத முறையில் துகள்களின் நிறையின் நான்காம் அடுக்குதான் மிஞ்சும். அதிலும் தெரிந்த துகள்களை வைத்தே சுமார் 55 இலக்க வித்தியாசம். ஆக நோய் உண்மை, காய்ச்சல் அளவைத்தான் தவறான மானியில் பார்த்தார்கள்.

#14 அரைக்கால்

மூன்றாம் வகைக்கு இன்று அண்டவியலில் நடக்கும் சண்டை, ஓயாத வீக்கம்: வெளி என்றென்றும் வீங்கிக்கொண்டே போய்ப் புதுக் குமிழிகளைப் பெறும் என்ற கருத்து. முடிவிலி எண்ணிக்கையில் குமிழி அண்டங்கள், அதில் நம்மைப் போன்றவை எத்தனை விழுக்காடு? எண்களை 1, 2, 3, 4 என்று அடுக்கினால் பாதி ஒற்றைப்படை. 1, 3, 2, 5, 7, 4, 9, 11, 6 என்று அடுக்கினால் மூன்றில் இரண்டு. எண் ஒன்றும் விட்டுப்போகவில்லை, வரிசை மட்டும் மாறிற்று. உப்பில் மின்னூட்டச் சமநிலை நமக்கு வெட்டும் வடிவத்தைக் காட்டிக்கொடுத்தது. குமிழிகளுக்கு எது காட்டிக்கொடுக்கும் என்பதில் உடன்பாடு இல்லை.

#15 தேன்சிட்டு

−1/12 கணக்கை ஓட்டினேன். எக்ஸ்பொனென்ஷியலில் கோடங்கி சொன்னது அப்படியே வந்தது. ஆனால் தணிப்பே இல்லாமல் 1000-இல் டக்கென்று வெட்டினால் 5,00,500. வால் எங்கே?

#16 கோடங்கி

கத்திவெட்டில் வால் தெரியாது. வெட்டும் இடம் 1000-ஆ, 1000.5-ஆ என்பதற்கே, அந்த இடத்தின் வர்க்கத்தில் பாதியைக் கழித்தால் வரும் மிச்சம் நூற்றுக்கணக்கில் குதிக்கும், அந்த இரைச்சலில் 0.083 மூழ்கிவிடும். உண்மை உலோகமும் அப்படி வெட்டுவதில்லை. காசியன் தணிப்பு போட்டுப் பாருங்கள்: எண்ணின் வர்க்கத்தை 0.01-ஆல் பெருக்கி அடுக்கில் வையுங்கள். பெரிய பகுதி 100-க்குப் பதில் 50 ஆகும். வால்?

#17 தேன்சிட்டு

49.91658. 50-ஐக் கழித்தால் −0.08342. தணிப்பை 0.0001 ஆக்கினால் −0.083334.